விற்றுக்கொண்டே வென்ற அணி



பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்தி உலையிலிட நேர்ந்த உழவனின் துயரம் தமிழருக்குப் புதிதன்று. உண்டால் அடுத்த பருவம் இல்லை. உண்ணாவிடில் இந்தப் பருவத்தைக் கடக்க வழியில்லை. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்திலே, நூறாண்டுக்கும் மேலாக இந்த இக்கட்டிலேயே காலம் தள்ளிய அணி ஒன்று உண்டு. அத்லெட்டிக்ஸ் என்பது அதன் பெயர். 1901இல் பிலடெல்பியாவில் தோன்றி, 1955இல் கான்சாஸ் சிட்டிக்கும், 1968இல் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகருக்கும் அது குடிபெயர்ந்தது. அதன் வரலாற்றைப் புரட்டுவோர் பக்கத்துக்குப் பக்கம் காண்பது வெற்றிக் கோப்பைகளையும், அவற்றை அடுத்து வரும் விற்பனைப் பத்திரங்களையும்தான்.

அணியின் முதல் தலைமகன் கானி மாக். வீரர்களின் சீருடை அணியாமல், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஆட்டக்கள ஓரத்தில் அமர்ந்து, 50 ஆண்டுகள் அணியை நடத்தியவர். 1910, 1911, 1913 ஆகிய மூன்றாண்டுகளில் உலகத் தொடரை வென்றார். 1914 இறுதித் தொடரில் பாஸ்டனிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றார். அப்போது புதிதாக முளைத்த போட்டிச் சங்கம் ஒன்று வீரர்களுக்குக் கூடுதல் ஊதியம் காட்டி இழுக்கத் தொடங்கியிருந்தது. மாக் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. எடி காலின்ஸ் என்னும் இணையற்ற ஆட்டக்காரரை 50,000 டாலருக்குச் சிகாகோவுக்கு விற்றார். ஏனையோரும் ஒருவர் பின் ஒருவராகப் போயினர். 1915இல் அணிக்குக் கிட்டியவை 43 வெற்றிகளும் 109 தோல்விகளும். பொறுமையாக மீண்டும் கட்டி எழுப்பி 1929, 1930 ஆண்டுகளில் மறுபடி வாகை சூடினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, மறுபடி விற்றார். 1935 டிசம்பரில் ஜிம்மி ஃபாக்ஸ் 1,50,000 டாலருக்குப் பாஸ்டனுக்குப் போனபோது விற்பதற்கு இனி எவரும் மிச்சமில்லை எனலாம்.

இவ்வாறு ஆட்களை விற்க முடிந்தது எப்படி என்ற ஐயம் எழக்கூடும். 1879 முதல் பேஸ்பால் உரிமையாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட தக்கவைப்பு விதி ஒன்று இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்கே கட்டுப்பட்டவர். அணி விரும்பினால் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், கைவிடலாம். வீரர் விரும்பி விலக வழியில்லை. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட் என்னும் கறுப்பின வீரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது அவர் போக மறுத்தார். தாம் வாங்கி விற்கப்படும் உடைமை அல்லர் என்று ஆணையருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய ஆண்டு ஊதியம் 90,000 டாலர். இவ்வளவு பணம் வாங்குபவர் அடிமையா என்று எள்ளினோர் உண்டு. 1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளியது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வே முடிந்துவிட்டது. அவர் தட்டிய கதவு திறந்தது 1975 டிசம்பரில், வேறு இருவருக்காக.

மறுபுறம், செல்வ அணிகள் இளைஞர்களை எல்லாம் பணத்தால் வாரிக்கொள்வதைத் தடுக்க 1965இல் டிராஃப்ட் என்னும் வரிசைத் தெரிவு முறை வந்தது. முந்திய ஆண்டில் பின்தங்கி நின்ற அணிகளுக்கே அன்று முதல் தெரிவுகள் கிடைத்தன. அவ்வாறு முதன்முதலாக ஒரு பெயரை அழைக்கும் உரிமை பெற்ற அணி வேறெதுவும் அன்று. அப்போது கான்சாஸ் சிட்டியில் தடுமாறிக்கொண்டிருந்த இதே அத்லெட்டிக்ஸ்தான். மறு ஆண்டில் நியூயார்க் மெட்ஸ் முதல் இடத்தில் தெரிந்தெடுத்த இளைஞர் பெருஞ்சங்க ஆட்டம் ஒன்றில்கூடக் கால் வைக்கவில்லை. இரண்டாம் இடத்தில் அத்லெட்டிக்ஸ் எடுத்தது ரெஜி ஜாக்சனை. தோல்வியின் பயனாக வந்து சேர்ந்த இந்தப் பிள்ளைகள் ஓக்லாந்தில் வளர்ந்து 1972, 1973, 1974 என மூன்றாண்டுகள் தொடர்ந்து உலகத் தொடரை வென்றார்கள்.

உரிமையாளர் சார்லி ஃபின்லி கைச்சிக்கனத்துக்குப் பேர்போனவர். தலைசிறந்த பந்தெறிவாளர் கேட்ஃபிஷ் ஹன்டருக்கு ஒப்பந்தப்படி செலுத்த வேண்டிய 50,000 டாலரைச் செலுத்தாமல் விட்டதால், நடுவர் தீர்ப்பின்படி அவரையே இழந்தார். தக்கவைப்பு விதியும் வீழ்ந்த பிறகு, தம் வீரர் அனைவரும் ஆண்டு முடிவில் கைம்மாறு ஏதுமின்றிப் போய்விடுவர் என்பதை ஃபின்லி உணர்ந்தார். 1976 ஜூன் 15 அன்று வைடா புளூவை 15 லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கும், ஜோ ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ் இருவரையும் தலைக்குப் பத்து லட்சமாகப் பாஸ்டனுக்கும் விற்றார். அன்று பாஸ்டன் அணி ஓக்லாந்திலேயே ஆட வந்திருந்தது. விற்கப்பட்ட இருவரும் எதிர் அறைக்கு நடந்து சென்று மாற்றுச் சீருடை அணிந்துகொண்டனர், ஆட்டத்தில் இறங்கவில்லை. மூன்று நாள் கழித்து ஆணையர் போவி கூன், ஆட்டத்தின் நலனுக்குக் கேடு என்று அவ்விற்பனையை ரத்து செய்தார். ஃபின்லி வழக்காடித் தோற்றார். ஆண்டு முடிவில் அவர் அஞ்சியபடியே வீரர்கள் வெளியேறினர். 1977இல் அணி தன் பிரிவில் கடைசியாக நின்றது. அவ்வாண்டுதான் புதிதாகப் பிறந்த சியாட்டில் அணிகூட அதற்கு ஒரு வெற்றி மேலே. ஃபின்லியை நல்லவர் என்று எவரும் சொல்லார். எனினும், மாக் செய்தபோது முறையாயிருந்தது ஃபின்லி செய்தபோது மட்டும் கேடானது எப்படி என்ற கேள்விக்கு ஆணையரின் தீர்ப்பில் நிறைவான விடை இருப்பதாகத் தோன்றவில்லை.

இனி, பலரும் அறிந்த பில்லி பீன் கதை. 1980 டிராஃப்டின் முதல் சுற்றில் மெட்ஸ் அணி தெரிந்தெடுத்த இளைஞர் அவர். உயரமும் வேகமும் அழகும் கண்டு மயங்கிய திறன்தேடிகள், பெரும் நட்சத்திரம் என்று நாள் குறித்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தைத் துறந்து 1,25,000 டாலர் பெற்றுக் கையெழுத்திட்டார். பெருஞ்சங்கத்தில் ஆடியவை 148 ஆட்டங்களே. 1990இல் தாமாகவே ஆட்டத்தை விட்டுத் திறன்தேடியாக வேலை கேட்டு வந்தார்; 1997இல் ஓக்லாந்தின் பொது மேலாளரானார். கண்ணால் கண்டு மதிப்பிடும் முறை எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பதற்கு அவருக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

2001ஆம் ஆண்டின் முடிவில் அவர் மூவரை ஒருங்கே இழந்தார். ஜேசன் ஜியாம்பி ஏழாண்டுக்கு 12 கோடி டாலர் என்று யாங்கீஸுக்குப் போனார். ஜானி டேமன் பாஸ்டனுக்கு, இஸ்ரிங்ஹாசன் செயின்ட் லூயிஸுக்கு. 2002இல் ஓக்லாந்தின் மொத்த ஊதியச் செலவு ஏறத்தாழ 4 கோடி. யாங்கீஸ் செலவு ஏறத்தாழ 12.5 கோடி. நம் ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் பணப்பை ஒரே அளவு. பேஸ்பாலில் அத்தகைய உச்சவரம்பு இல்லை; 2003 முதல் அளவு மீறிச் செலவிடுவோர் வரி கட்டவேண்டும், அவ்வளவே. பணம் படைத்தவருக்கு அது சுங்கச் சாவடி போன்றது, கட்டிவிட்டுக் கடந்துபோகலாம்.

பீனும் அவருடைய உதவியாளர்களும் வேறு வழி தேடினர். பில் ஜேம்ஸ் என்பவர் 1977 முதல் தம் செலவிலேயே வெளியிட்டு வந்த புள்ளிவிவர நூல்கள் ஓர் எளிய உண்மையைச் சொல்லிவந்தன. ஒருவர் எத்தனை முறை அழகாக அடித்தார் என்பதைவிட, எத்தனை முறை ஆட்டமிழக்காமல் முதல் தளத்தை அடைந்தார் என்பதே ஓட்டங்களைப் பெற்றுத் தரும். தவறான பந்துகளை அடிக்காமல் பொறுத்திருந்து, நான்கு சேர்ந்ததும் நடந்தே தளமேறுவதும் அதில் அடக்கம். பொறுமைக்குச் சந்தையில் விலை குறைவாயிருந்தது. பீன் அதை வாங்கினார்.

ஸ்காட் ஹாட்டபர்க் அவ்வாறு வாங்கப்பட்டவர். பாஸ்டனில் விக்கெட் காப்பாளரைப் போன்ற கேட்சர் பணி செய்தவர். முழங்கை நரம்பு கெட்டு, பந்தை எறிய இயலாமற் போனவர். எறிய வேண்டிய தேவை மிகக் குறைந்த முதல் தளத்தில் அவரை நிறுத்துவதாக ஓக்லாந்து அழைத்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு டென்னிஸ் திடலில் மனைவி பந்தை உருட்டி அடிக்க, முப்பது வயதைக் கடந்த அம்மனிதர் புதிய இடத்தில் நின்று பிடிக்கக் கற்றுக்கொண்டார். 2002 செப்டம்பர் 4 இரவு, தொடர்ந்து இருபதாவது வெற்றியை நோக்கி 11-0 என முன்னிலை பெற்ற ஓக்லாந்து, கான்சாஸ் சிட்டியிடம் அதை முழுவதும் பறிகொடுத்து 11-11 என நின்றது. கடைசி இன்னிங்ஸில் மாற்று மட்டையாளராக வந்த ஹாட்டபர்க் அரங்கின் வேலிக்கு வெளியே அடித்தார். அமெரிக்கன் லீகில் அதுவரை எந்த அணியும் தொடர்ந்து இருபது ஆட்டங்கள் வென்றதில்லை.

இதே ஆண்டின் ஜூலை இறுதியில் நடந்த மற்றொன்று பலரால் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிளீவ்லாந்து அணி ஓக்லாந்தில் ஆட வந்திருந்தபோது அதன் பந்தெறிவாளர் ரிக்கார்டோ ரின்கோனை பீன் வாங்கினார். ரூடியும் ஃபிங்கர்ஸும் 26 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் போலவே, ரின்கோன் அறை மாறி நடந்து வந்தார். அவருக்கு இடம் செய்ய மைக் மக்னான்டே என்னும் 37 வயதுப் பந்தெறிவாளர் நீக்கப்பட்டார். முழு ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுப் பணிக்காலம் நிறைய, அவருக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. பெருஞ்சங்கத்தில் அவர் மீண்டும் பந்தெறியவில்லை. கணக்கில் பிழையில்லை, அன்றைய தேவைக்கு ரின்கோன்தான் சிறந்தவர். ஆனால் அந்த நாட்களுக்குக் கணக்கேட்டில் எந்தப் பத்தியும் இல்லை.

இழந்த மூவருக்கு ஈடாக, அவ்வாண்டு டிராஃப்டில் ஓக்லாந்துக்குக் கூடுதல் தெரிவுகள் கிட்டின; முதல் 39 பெயர்களில் ஏழு அதனுடையவை. விற்ற நெல்லுக்கு விதை கிடைத்தது போல. நிக் ஸ்விஷர், ஜோ பிளான்டன் இருவரும் பல ஆண்டுகள் நிலைத்தனர். பருத்த உடலைக் கண்டு பிறர் ஒதுக்கிய ஜெரமி பிரவுன், புள்ளிவிவரத்தின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டவர். 2006இல் ஐந்தே ஆட்டங்கள் ஆடினார். கண்ணும் பொய்க்கும், கணக்கும் பொய்க்கும்.

மைக்கேல் லூயிஸ் 2003இல் எழுதிய ‘மணிபால்’ என்னும் நூலாலும், 2011இல் வந்த திரைப்படத்தாலும் இக்கதை உலகெங்கும் பரவியது. ஹாட்டபர்க் போன்றோரை அந்நூல் நெஞ்சில் நிற்க எழுதுகிறது. ஆயினும் அவ்வணியைத் தாங்கிய தூண்கள் ஹட்சன், மல்டர், சீட்டோ என்னும் மூன்று பந்தெறிவாளர்களும், டொமினிக்கன் குடியரசில் 2,000 டாலருக்குச் சேர்க்கப்பட்ட மிகேல் தெஹாடாவும். 2002இல் சீட்டோ சிறந்த பந்தெறிவாளர் விருதையும், தெஹாடா லீகின் மிகச்சிறந்த வீரர் விருதையும் பெற்றனர். அவர்கள் மலிவாயிருந்ததற்குக் காரணம் விதிகள்: முதல் மூன்றாண்டுகள் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே ஆட வேண்டும், ஆறாண்டுகள் முடியாமல் விரும்பிய இடம் போக இயலாது. ஃப்ளட் எதிர்த்த விதி சாகவில்லை, ஆறாண்டாகச் சுருங்கியது. ஏழை அணியின் சாமர்த்தியம் என்று புகழப்படுவதில் ஒரு பங்கு, இளம் வீரரின் பறிக்கப்பட்ட பேரம்தான். இதை அந்நூல் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

2002இல் ஓக்லாந்தும் யாங்கீஸும் ஒரே எண்ணிக்கையில், 103 ஆட்டங்கள் வென்றன. இரண்டும் முதல் சுற்றிலேயே வெளியேறின. 2000 முதல் 2003 வரை நான்காண்டுகளும் ஓக்லாந்து ஐந்தாவது ஆட்டம் வரை சென்று தோற்றது. பாஸ்டன் அணி பீனுக்குப் பெருந்தொகை தர முன்வந்தது. ஒப்புக்கொண்டு பின் மறுத்தார். பணத்துக்காக ஒருமுறை முடிவெடுத்து வருந்தியது போதும் என்பது அவர் சொன்ன காரணம். பில் ஜேம்ஸைப் பாஸ்டன் வேலைக்கு அமர்த்தியது. 2004இல் கோப்பையை வென்றது. பணமுள்ளோரும் கணக்குப் படித்துக்கொண்ட பிறகு ஏழைக்கு இருந்த ஒரே சலுகையும் போயிற்று.

2004 டிசம்பரில் ஹட்சனும் மல்டரும் மாற்றப்பட்டனர். 2006க்குப் பின் சீட்டோ, விரிகுடாவின் அக்கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனார். பிறகு வந்தோரும் வளர்ந்தனர், போயினர். 2023இல் அணி 112 ஆட்டங்கள் தோற்றது. இறுதியில் விற்பதற்கு ஊர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. லாஸ் வேகஸுக்குக் குடியேறுவது என முடிவாகி, இடைக்கால ஏற்பாடாக 2025 முதல் சாக்ரமெண்டோ அருகே ஒரு சிற்றரங்கில் அணி ஆடத் தொடங்கியது.

2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். ஆண்டு முழுவதும் காலியாகக் கிடந்த இருக்கைகளில் அன்று 46,000க்கு மேற்பட்டோர். டெக்சாஸ் அணியை 3-2 என ஓக்லாந்து வென்றது. ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. சிலர் மைதானத்து மண்ணைக் கோப்பைகளில் அள்ளிக்கொண்டு வீடு திரும்பினர்.