உணவுக் கணக்கும் இடையறா முயற்சியும்

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



உண்ணும் உணவைக் கலோரிக் கணக்கிட்டு உடற்பருமனைக் குறைக்கும் முறைபற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். யான் மருத்துவனல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும், வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ எனப் பெயரிட்ட அதிகாரத்தில் மருந்துச் சரக்குகளை விரித்துக் கூறாது உணவின் அளவையே பெரிதும் வற்புறுத்தினாராதலின், இப்பொருள் தமிழாசிரியனுக்கு முற்றும் புறம்பானதன்று எனத் துணிந்தேன்.

இது பொழுதுபோக்கிற்குரிய பேச்சுமன்று. இந்திய நாட்டில் நீரிழிவுற்றோர் தொகை 10 கோடிக்கு மேற்பட்டதென 2023-ஆம் ஆண்டில் வெளியான பேராராய்ச்சியொன்று கணித்துரைத்தது. அந்நோய்க்குக் காரணங்கள் பல. மிகையான உடற்கொழுப்பு அவற்றுள் ஒன்று. நம்மவர் மனைகளுள் அது புகாத மனை எத்தனை என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பாராக.

கலோரி என்பது உணவினின்று உடல் பெறும் ஆற்றலின் அளவை. மாவுப்பொருள் ஒரு கிராமுக்கு 4 கலோரியும், புரதம் 4 கலோரியும், கொழுப்பு 9 கலோரியும் தருமென்னும் கணக்கு, அமெரிக்க நாட்டு அட்வாட்டர் என்னும் அறிஞரின் ஆராய்ச்சியால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாயிற்று. நம் நாட்டு உணவுகளின் சத்தளவையை, நீலகிரி மலைமீது குன்னூரில் இருந்த உணவாராய்ச்சி நிலையத்தின் தலைவர் அய்க்ராய்டு என்பார் 1937-இல் அட்டவணையாக வெளியிட்டார். அந்நிலையமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்று, 2017-இல் விரிந்த அட்டவணையொன்றை அளித்தது. இன்றோ, கைப்பேசிச் செயலிகளும் நொடியில் கணக்குக் காட்டுகின்றன. ஆதலின் நமக்குக் குறையாக இருப்பது அறிவன்று, தொடர்ச்சியே.

தொடங்குவோர் பலர், பத்து நாளில் விடுவோரும் பலர். விடுதற்குரிய காரணங்கள் மூன்றென்பேன்.

முதலாவது, மிகுநுட்பம். ஒரு தோசையையும் தராசில் இட்டே தீர்வேன் என்பவர் விரைவிற் சலிப்படைவர். நம் இல்லங்களில் சமைக்கப்படுவன பெரும்பாலும் மீண்டும் மீண்டும் வரும் இருபது முப்பது பண்டங்களே. அவற்றை ஒருமுறை அளந்து, நம் வீட்டுக் கரண்டியும் கிண்ணமும் கொள்ளும் அளவைக் குறித்துக்கொண்டால், பின்னர்க் கரண்டிக் கணக்கே போதும். 2019-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், உடலெடையிற் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்கள் முதல் திங்களில் இக்கணக்கிற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 நிமிடம் செலவிட்டனர். ஆறாந்திங்களிலோ 15 நிமிடத்திற்கும் குறைவே. பயன் தந்தது எழுதிய நேரத்தின் நீட்சியன்று, நாளும் பன்முறை எழுதிய வழக்கமே.

இரண்டாவது, விடுபடும் பண்டங்கள். தாம் குறைவாகவே உண்பதாகவும் எடை குறையவில்லை என்றும் வருந்திய சிலரை நியூயார்க் நகரத்தார் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டனர். அவர்கள் உண்டதில் ஏறத்தாழப் பாதி, கணக்கில் ஏறவேயில்லை. நம் வீடுகளிலோ, குழந்தை மிச்சம் வைத்த சோற்றை, வீணாகாதிருக்கத் தாய் உண்பாள். அதனை உணவென்றே அவள் எண்ணாள். காபியிற் சேரும் சர்க்கரையும், தாளிப்பு எண்ணெயும் அத்தகையனவே. நால்வர் உள்ள குடும்பத்தில் திங்களுக்கு 3 லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லிலிட்டர் ஆகும். அதுவே ஏறத்தாழ 200 கலோரி. எண்ணெய் வாங்கும் சீட்டே நமக்கு நேர்மையான சாட்சி.

மூன்றாவதே பெரியது, அது நாணம். திருமண விருந்திலோ திருவிழாவிலோ மிகுதியாக உண்டவர், அன்றைய பக்கத்தை எழுதக் கூசுகின்றனர். மறுநாள் எடை ஒரு கிலோ ஏறியிருப்பது கண்டு மனமுடைகின்றனர்; ஏட்டையே மூடிவிடுகின்றனர். ஒரு கிலோ உடற்கொழுப்பில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு விருந்தில் அத்துணை மிகை சேர்தல் அரிது. ஏறியது பெரும்பாலும் உப்பும் மாவுணவும் பிடித்துவைத்த நீரும், குடலில் உள்ள உணவுமே. சில நாளில் அது நீங்கும். எனவே எடையை ஒருநாட் காட்சியால் மதியாது, வாரச் சராசரியால் மதிப்பிடுக.

வணிகர் ஒருவர் நட்டம் நேர்ந்த நாளின் வரவுசெலவை நாள்வழியில் எழுதாது விடுவாரோ? விட்டால் பேரேடு பொய்யாகும், ஐந்தொகை பொருந்தாது. நட்டம் வந்த நாளையே அவர் மிக்க கவனத்துடன் எழுதுவர். உணவுக் கணக்கும் அத்தன்மைத்தே. அளவு தெரியாவிடினும், ‘விருந்து, ஏறத்தாழ இவ்வளவு’ என ஒரு வரி எழுதிவிடுக. தவறிய நாளை எழுதியவர் மறுநாளும் எழுதுவர். மறைத்தவர் மறுநாளும் மறைப்பர்.

எடை குறையக் குறைய உடலுக்கு வேண்டும் ஆற்றலும் குறையும். ஆதலின் தொடக்கத்தில் வகுத்த அளவைச் சில திங்களுக்கொருமுறை திருத்துதல் வேண்டும். விரும்பிய எடை எய்தியபின்னும், வாரத்திற் சில நாளேனும் எழுதிவருவது நன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வளரும் சிறார்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டுவோர்க்கும் இம்முறையைத் தாமே விதித்தல் ஆகாது. இன்சுலின் முதலிய நீரிழிவு மருந்து கொள்வோர் மருத்துவரைக் கேளாது உணவைக் குறைத்தலும் ஆகாது. உணவெண்ணமே அச்சமாக மாறுமாயின் கணக்கை நிறுத்தி மருத்துவரை நாடுக. குடும்பத்தாரும் ஒருவர் ஏட்டை மற்றொருவர் எடுத்து இகழ்தல் கூடாது. இகழப்படும் ஏட்டில் உண்மை எழுதப்படாது. மருமகளின் தட்டை மாமியார் எண்ணுவது உணவுக் கணக்கன்று, கொடுமை.

அன்பர்களே! பிழையற்ற கணக்கைப் பத்து நாள் எழுதுவதினும், பிழையுள்ள கணக்கை மூன்றாண்டு எழுதுவது நன்று. இன்றிரவு உண்டவுடன் ஒரு வரி எழுதுங்கள், நாளையும் எழுதுங்கள். இடையில் ஒருநாள் விடுபட்டால், அதற்கடுத்த நாள் எழுதுங்கள். இவ்வளவே யான் வேண்டுவது.