காரல் தின்ற பூனையும் கடைத் தீனியும்



ஏப்ரல் 15 ஆனதும் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் தொழிலை நிறுத்திவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் போய்வருவதால் மீன் அடியோடு இல்லாமல் போகாது. ஆனால் விலை ஏறிவிடும். மற்ற நாளில் "பூனைக்கு வச்சுக்கங்க" என்று மீன்காரம்மா கொசுறாக அள்ளிப் போடுகிற காரலுக்கும் சூடைக்கும் அப்போது தனி மதிப்பு வந்துவிடும். திருப்புல்லாணியிலும் சேதுக்கரைப் பக்கமும் பூனை வளர்க்கிறவர்கள் கடைத் தீனியைப் பற்றி யோசிக்க அதுவே தோதான காலம்.

ராமநாதபுரம் போய் ஒரு பாக்கெட் வாங்கிவந்து தட்டில் கொட்டுகிறோம். பூனை வருகிறது. மோந்து பார்க்கிறது. தலையைத் தூக்கி நம் முகத்தை ஒருமுறை பார்க்கிறது. பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டுகிறது. பூனை எதை இப்படி மண்ணைத் தள்ளி மூடும் என்று பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய பாக்கெட்டுக்கு அது தருகிற மரியாதை அவ்வளவுதான்.

அடுத்து எல்லாரும் கேட்கிற கேள்வி: "கடையில் ட்ரை ஃபுட், வெட் ஃபுட் என்று இரண்டு வைத்திருக்கிறார்களே, எதைக் கொடுத்தால் தின்னும்?" உலர்தீனி, ஈரத்தீனி என்று வைத்துக்கொள்வோம். உலர்தீனி கொறிக்கிற மாதிரி மொறுமொறுப்பான சிறு வில்லைகள். ஈரத்தீனி, குழம்பும் துண்டுமாகச் சின்னப் பையிலோ டப்பாவிலோ அடைத்தது. எதைத் தின்னும் என்பதற்கு முன்னால், எதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நான் கவனித்தவரை நம் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நூறு கிராம் ஈரத்தீனியில் முக்கால் பங்கோ மேலோ, 75 முதல் 80 கிராம் வரை தண்ணீர். உலர்தீனியில் 10 கிராம்கூட இருக்காது. நான்கு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி போதும்; தண்ணீரும் ஏறக்குறைய 200 மில்லி வேண்டும். 85 கிராம் பை மூன்றைத் தின்றால் அந்தத் தண்ணீர் சாப்பாட்டோடு சாப்பாடாக உள்ளே போய்விடும். அதே கலோரிக்கு உலர்தீனி 55 கிராம் அளவில் தின்றால், அதிலிருந்து கிடைக்கும் தண்ணீர் ஐந்தாறு மில்லிதான். மீதியை அது கிண்ணத்தில் நக்கிக் குடித்தாக வேண்டும். குடிக்கிறதா என்றால், பல பூனைகள் தேவையான அளவு குடிப்பதில்லை.

பூனையைக் குறைசொல்லிப் பயனில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. எலியும் பறவையும் தின்று அவற்றின் உடம்பில் இருந்த நீரிலேயே பிழைத்த சாதி. அதன் சிறுநீரகம் தண்ணீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கெட்டியாக வெளியே தள்ளும். 1959இல் அமெரிக்காவில் ப்ரெண்டிஸ், வுல்ஃப், எட்டி என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: குடிக்கத் தண்ணீரே வைக்காமல் மீனோ இறைச்சியோ மட்டும் கொடுத்தாலும், பூனை தன் தண்ணீர்த் தேவையை அதிலிருந்தே சமாளித்துக்கொள்கிறது. அதே ஆண்டு வுல்ஃப் குழுவினர் பூனைக்குக் கடல்நீரையே கொடுத்துப் பார்த்து, அதையும் குடித்துத் தாக்குப்பிடிக்கும் என்றார்கள். உடனே சேதுக்கரையில் ஒரு குடம் மொண்டு வந்துவிடாதீர்கள். ஆபத்துக் காலத்தில் தாங்கும் என்பது வேறு, தினப்படிக்கு ஆகும் என்பது வேறு. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பலவும் உவர்ப்பு. வீட்டில் மனிதர் குடிப்பதற்கென்று பிடித்து வைக்கிற தண்ணீரைத்தான் பூனைக்கும் வைக்க வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்? கெட்டிப்பட்ட சிறுநீரில் மணல்போலப் படிகம் சேரலாம். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அதில் அடைப்பு விழுந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது, அல்லது வரவே இல்லை என்றால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இனி, பூனை மூஞ்சியைத் திருப்பிக்கொள்வதற்கு வருவோம்.

திருப்புல்லாணிப் பெருமாள் கோவில் பாயசம் பேர்போனது. பிள்ளைப்பேறு வேண்டி வருகிறவர்கள் பக்தியோடு வாங்கிக் குடிப்பது. அதில் ஒரு சொட்டைப் பூனை நக்கினால் அதற்குத் தெரிவது பாலின் கொழுப்பும் வாசமும் மட்டும். தித்திப்பு தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்பதை 2005இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார் கண்டுபிடித்தார்கள். அதன் நாக்கு வேறொன்றுக்குத் தீட்டப்பட்டது. 2023இல் இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு நிலையத்தார், இறைச்சியிலும் மீனிலும் உள்ள 'உமாமி' என்ற கறிச்சுவையைப் பூனையின் நாக்கு எப்படி உணர்கிறது என்று பார்த்தார்கள். அதற்கு மிகப் பிடித்த சேர்மானம், நாம் சூரை என்கிறோமே, அந்த மீனில் மிகுதியாக இருப்பது. பாலைவனத்துப் பிராணிக்கு ஆழ்கடல் மீன் மேல் ஏன் இத்தனை ஆசை என்பது வேடிக்கைதான்.

சுவைக்கும் முந்தியது மூக்கு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஈரத்தீனியில் வாசம் எழும்பாது. பூனை அதைச் சீந்தாது. பையோடு வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு, அப்போதுதான் பிடித்த எலியின் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். உலர்தீனிக்கு எதிரி நம் கடற்காற்று. வாயைப் பிரித்த பையை அப்படியே வைத்தால் நான்கு நாளில் நமுத்துப்போகும். அதில் தடவிய கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். நமக்கு அந்த வாடை தெரியாது, பூனைக்குத் தெரிந்துவிடும். பையோடு, மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படத்தில் போடுங்கள். எறும்புக்கும் அதுவே காவல்.

குட்டியில் தின்று பழகியதுதான் பூனைக்குச் சாப்பாடு. பிறந்த சில மாதங்களில் வாயில் பட்ட வழவழப்பும் மொறுமொறுப்பும் மனசில் பதிந்துவிடும். வேகவைத்த காரலிலேயே வளர்ந்த பூனைக்கு அந்த வில்லை ஒரு கூழாங்கல். வில்லையிலேயே வளர்ந்ததற்குக் குழம்புத் தீனி அருவருப்பு. புதிதாகக் குட்டி எடுத்து வளர்ப்பவர்கள் முதல் ஆறு மாதத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பழக்கிவிட்டால் பின்னால் பாதித் தொல்லை இல்லை.

தெனாலிராமன் பூனை கதை தெரியுமல்லவா? பால் கொதிக்கக் கொதிக்க வைத்து ஒருமுறை நாக்கைச் சுட்டுவிட்டான்; அப்புறம் பாலைக் கண்டாலே அது ஓட்டம் பிடித்தது. கதையில் சிரிப்புக்குச் சொன்னது. பூனையின் இயல்பு அப்படியேதான். குடற்புழு மாத்திரையைப் பொடித்து ஈரத்தீனியில் கலந்து ஏமாற்றப் பார்க்கிறோம். கண்டுபிடித்துவிட்டால் அந்த மாத்திரையை மட்டுமல்ல, அந்தத் தீனியையே அது தள்ளிவைத்துவிடும். மருந்தைத் தனியாகக் கொடுங்கள், சாப்பாட்டைக் கெடுக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் தெருப்பக்கம் பூனைக்கு ஒரு வீடு கிடையாது. இங்கே ஒரு பெயர், பக்கத்து வீட்டில் ஒரு பெயர், முக்கு வீட்டில் வேறொரு பெயர். மூன்று இடத்திலும் தின்றுவிட்டு வந்து நம் தட்டை மோந்து பார்த்தால், அதற்குப் பெயர் நாக்கு நீளம் இல்லை, வயிறு நிறைவு. தீனியை மாற்றுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிடுங்கள்.

"இதெல்லாம் எதற்கு, எங்க அம்மா காலத்தில் மீன்சோறு போட்டே வளர்க்கவில்லையா" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பூனை சோற்றுப் பருக்கையை ஓரமாக ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் பொறுக்கித் தின்றது. ராத்திரி வைக்கோல்போரிலும் மச்சிலும் எலி பிடித்துத் தின்றது. மீனில் குறைந்ததை எலி நிரப்பியது. எலியின் உடம்பில் டாரின் என்ற சத்து உண்டு. நாயும் மனிதரும் அதை உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்கிறோம். பூனையால் தேவையான அளவுக்கு முடியாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975இலும், இதயம் வீங்கித் தளரும் என்பது 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் செய்த ஆய்விலும் தெரியவந்தது. அந்த இதயநோயில் விழுந்தவற்றில் கடைத் தீனி தின்ற பூனைகளும் இருந்தன. அதற்குப் பிறகு கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. கதவை அடைத்து வீட்டுக்குள்ளேயே வளர்க்கிற இன்றைய பூனைக்கு எலியும் இல்லை, பல்லியும் அரிது. அதற்கு மீன்சோறு மட்டும் போதாது.

பச்சை மீனில் வேறொரு வில்லங்கம். சாளை, நெத்திலி இனங்களைச் சேர்ந்த பல மீன்களில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினைச் சிதைக்கும். 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் பச்சை மீன் தின்ற வெள்ளி நரிகள் கால் இழுத்து விழுந்து செத்தன. அந்த நோய்க்கே 'சாஸ்டெக் வாதம்' என்று பெயர் வந்துவிட்டது. பூனைக்கும் அதே கதி வரலாம். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். ஆகவே காரலோ சூடையோ, குடலை எடுத்து, உப்புப் போடாமல் வேகவைத்து, முள் நீக்கி வையுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் தண்ணீரில் கரைந்து அதில்தான் இறங்கியிருக்கும், வாசமும் அதில்தான். மீன் குழம்பில் பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு. பால் பல வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கலக்கும்.

சரி, ஈரமா உலர்வா? என் சாய்வு ஈரத்தீனிப் பக்கம். காரணம், மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு. ஆனால் ஒரு பை நாற்பது, ஐம்பது ரூபாய் விற்கும்போது நாளுக்கு மூன்று பை எத்தனை வீட்டில் கட்டுபடியாகும்? உலர்தீனி நாளுக்கு இருபது, இருபத்தைந்து ரூபாயில் முடிந்துவிடும். தவிர, சித்திரை வெயிலில் ஈரத்தீனியைத் தட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. எறும்பு மொய்க்கும், ஊசிப்போகும். உலர்தீனி நாள்முழுக்கக் கிடக்கும். அதுவே அதன் கெடுதலும். வேலையில்லாத பூனை கொறித்துக்கொண்டே இருந்து கொழுத்துவிடும். பல்லைச் சுத்தப்படுத்தும் என்பார்கள். சாதாரண வில்லைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

நம் ஊருக்குப் பொருந்துகிற வழி இப்படி. காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் ஈரமாக ஒவ்வொரு வேளை. நடுவில் அளந்து வைத்த உலர்தீனி. பை வாங்க முடியாத வீட்டில், முழுச்சத்து உலர்தீனியின் மேல் மீன் வேகவைத்த தண்ணீரை இளஞ்சூடாக ஊற்றி, ஒரு விரல்கடை மீனை உதிர்த்துப் போட்டு, அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மீன் நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பை வாங்கும்போது 'கம்ப்ளீட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தின்பண்டம், சாப்பாடு இல்லை. பிதுக்கி நக்கக் கொடுக்கிற குச்சிப் பைகள் பலவும் இந்த வகைதான்.

மாற்றுவதை மீன் கிடைக்கிற காலத்திலேயே, பங்குனி வாக்கில் தொடங்குங்கள். பழைய சாப்பாட்டில் நான்கில் ஒரு பங்கு புதிது, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால். பத்து நாளில் முடியலாம், பிடிவாதக்காரப் பூனைக்கு ஒரு மாதமும் ஆகலாம். வில்லைப் பூனையைக் குழம்புக்கு இழுக்க, வில்லையைப் பொடித்து மேலே தூவுங்கள்.

"பசித்தால் தானாகத் தின்னும், கிடக்கட்டும்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கடலரசன் வழிவிடட்டும் என்று ராமன் தர்ப்பைப் புல்லில் கிடந்த ஊர் நம் திருப்புல்லாணி. வால்மீகி கணக்கில் மூன்று நாள். அந்தப் பொறுமையைப் பூனையிடம் காட்டக் கூடாது. அதுவும் கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து குவிந்து ஈரல் செயலிழக்கும். ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் அது நாக்கு விவகாரம் இல்லை. ஈறு வீங்கியிருக்கலாம், தொண்டையில் முள் சிக்கியிருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம்.

அரசு கால்நடை மருத்துவமனையை நாம் மாட்டாஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பூனையைத் தூக்கிக்கொண்டு போகக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. தாராளமாகப் போகலாம். மூடி போட்ட கூடையில் பழைய துணி விரித்துக் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது சிறுநீர் போனது, இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.