எது ஊர், எது நகரம்?

நெய்தல் நிலத்து ஊரைப் பட்டினம் என்றும் பாக்கம் என்றும், மருத நிலத்து ஊரைப் பேரூர் என்றும் மூதூர் என்றும் வழங்கினர் நம் முன்னோர். நிலத்தைப் பார்த்து இட்ட பெயர்கள் அவை. அரசாங்கத்துக்கோ அது போதாது. அதற்கு எண் வேண்டும்.

இந்தியக் குடிமதிப்புக் கணக்கில் நகரம் இரு வகைப்படும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எனச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டவை ஒரு வகை. சட்டப்படி ஊராட்சியாகவே இருந்தும், மூன்று சோதனைகளில் தேறியவை மற்றொரு வகை. 'கணக்கெடுப்பு நகரம்' என்பது இவற்றின் பெயர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அச்சோதனைகளைச் சொல்லுகிறேன். குறைந்தது 5,000 மக்கள் வேண்டும். சதுரக் கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ வேண்டும். முதன்மையாக உழைக்கும் ஆடவருள் நூற்றுக்கு 75 பேராவது உழவல்லாத தொழில் செய்தல் வேண்டும்.

ஆடவர் என்றேன். பெண்டிரின் உழைப்பை இச்சோதனை கேட்பதே இல்லை. வீடுதோறும் மகளிர் பீடி சுற்றினாலும், தீப்பெட்டி ஒட்டினாலும், ஆடவர் ஏர் பிடிப்பின் அவ்வூர் கிராமமே! இது முறையன்று என்பது என் கருத்து.

நகர எல்லையைக் கடந்தும் வீடுகள் தொடர்ந்து செல்லுமானால், அனைத்தையும் ஒன்றாக்கி 'நகரத் திரள்' என எண்ணும் வழக்கம் 1971-இல் வந்தது. பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் கொண்டவை 2011-இல் 53 இருந்தன.

கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் அங்கு நகரவாசிகள் நூற்றுக்கு 26 பேர். 2011-இல் ஏறத்தாழ 48 பேர். மூட்டை முடிச்சுடன் மக்கள் பட்டணம் போய்விட்டனரா? இல்லை, பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தனர். கணக்கெடுப்பு நகரங்கள் 99-லிருந்து 461 ஆயின. நாடு முழுவதிலும் அவை 1,362-லிருந்து 3,894 ஆகப் பெருகின.

பெயர் மாறிற்றே ஒழிய ஆட்சி மாறவில்லை. ஐந்து வீடுகளுக்கு ஏற்ற வாய்க்காலில் ஐந்நூறு வீடுகளின் கழிவுநீர் ஓடினாலும், அதைக் கவனிக்க வேண்டியது சிறு வருவாயுள்ள ஊராட்சிதான்.

அப்படியாயின் நகராட்சி ஆக்கிவிடலாமே என்பீர்கள். ஊராரைக் கேட்டால் தயங்குவர். சொத்து வரி ஏறும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிராமத்தாருக்குக் கிடைத்த நூறு நாள் வேலை நகரத்தாருக்குக் கிடைக்கவில்லை. அந்த அச்சத்தால், எங்களை நகரத்தோடு சேர்க்க வேண்டா என்று போராடிய ஊர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கணக்கெடுப்பவர் 'நகரம்' என்று எழுதிச் செல்லலாம். ஆனால் அதை நகராட்சியாக அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசிடமே இருக்கிறது.