சாதுப் பூஞ்சையும் கொல்லும் பூஞ்சையும்



கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து பட்டு எகிறி விழுகிறதே ஸ்டம்ப், அது பெரும்பாலும் ஆஷ் மரத்தில் செய்தது. ஐரோப்பாவெங்கும் வளரும் மரம் இது. அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழைய இலைக்காம்பு ஒன்றைக் கோடையில் எடுத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளை வெளேரென்று குட்டிக் கிண்ணங்கள் முளைத்திருக்கும். அவை பூஞ்சைக் காளான்கள். இதே தோற்றத்தில் இரண்டு இனங்கள் உண்டு.

ஒன்று ஹைமனோசைஃபஸ் ஆல்பிடஸ். ஐரோப்பாவின் சொந்தப் பூஞ்சை, 1851-லேயே பதிவானது. உதிர்ந்த காம்பை மட்கச் செய்வதோடு சரி, பரம சாது.

மற்றது ஹைமனோசைஃபஸ் ஃபிராக்சினியஸ். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அங்குள்ள மஞ்சூரிய ஆஷ் மரம் அதோடு நெடுங்காலமாகப் பழகியது, பெரிய சேதமில்லை. ஐரோப்பிய மரத்துக்கு அந்தப் பழக்கமில்லை. காற்றில் வரும் வித்து இலையில் ஒட்டி முளைக்கிறது, இலை கருகுகிறது. இலை உதிரும் முன் பூஞ்சை காம்பு வழியே கிளைக்குள் புகுந்துவிட்டால், பட்டையில் சாய்சதுர வடிவில் புண் விழும். புண் கிளையைச் சுற்றி வளைத்ததும் நீர் ஏறாது, நுனி காய்கிறது. இப்படியே ஆண்டுதோறும் கிளை கிளையாகப் பட்டுப்போகிறது.

போலந்தில் 1990-களின் தொடக்கத்திலேயே மரங்கள் சாகத் தொடங்கிவிட்டன. காரணமான பூஞ்சையை 2006-ல்தான் விவரித்தார்கள். 2009-ல், அது உள்ளூர் ஆல்பிடஸ்தான் என்று முடிவு கட்டினார்கள். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மரபணுவை ஒப்பிட்ட பிறகு, 2011-ல், வேறு இனம் என்று உறுதியானது. நுண்ணோக்கியிலும் ஓர் அடையாளம் உண்டு: வித்துப் பையின் அடியில் புதியதற்கு வளைந்த கொக்கி இருக்கும், பழையதற்கு இராது.

அந்த இரண்டு ஆண்டுக் குழப்பத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. உள்ளூர்ப் பூஞ்சை என்றால் எல்லையில் எதைத் தடுப்பது? பிரிட்டன் ஆஷ் நாற்று இறக்குமதியைத் தடை செய்தது 2012 அக்டோபரில். அதற்குள் நோய் உள்ளே வந்துவிட்டது.

இன்று சாது ஆல்பிடஸும் தன் காம்புகளைப் புதியதிடம் இழந்து அருகி வருகிறது. நோயைத் தாங்கி நிற்கும் ஆஷ் மரங்கள் சிலவே. அவற்றிலிருந்துதான் அடுத்த தலைமுறையை வளர்க்க முயல்கிறார்கள். ஐரோப்பாவில் பரவிய கொல்லும் பூஞ்சைக் கூட்டம் முழுவதும் இரண்டே இரண்டு பூஞ்சைகளின் வழிவந்தது என்கிறது மரபணு ஆய்வு.

இவ்வளவு நாசத்துக்கு அந்த இரண்டே போதுமானதாயிற்று. ஆகவே நேயர்களே, வெளிநாடு போய்வரும்போது செடியோ விதையோ பெட்டியில் வைத்துக் கொண்டு வராதீர்கள். வேண்டுமென்றால் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் பெற்று முறைப்படி வரவழையுங்கள்.