பென்ஷன் வாங்குறவர் மேல கோபம் வேண்டாம். காலி நாற்காலியைப் பற்றிக் கேளுங்க!

சங்கரன்கோவில் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து...

படிச்சிட்டு வேலைக்குக் காத்திருக்கிற தம்பி தங்கைகளே!

"ஒரு கையில பென்ஷன், இன்னொரு கையில கவர்மென்ட் சம்பளம். இது நியாயமா?" டீக்கடையில கேக்குற கேள்வி இது. கேக்கட்டும். ஆனா எல்லாரையும் ஒரே தராசுல நிறுத்தாதீங்க.

பட்டாளத்துக்குப் போன சிப்பாய் 40 வயசுக்குள்ளயே ஊர் திரும்பிடுறார். பிள்ளைங்க அப்பதான் பள்ளிக்கூடம் போகும். அவர் மத்திய அரசு வேலையில சேர்ந்தா, ராணுவ பென்ஷனைச் சம்பளத்துல கழிக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. அது சலுகை இல்ல. பென்ஷன் என்பது அரசு போடுற பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்போ எங்க இடிக்குது? முழு சர்வீஸ் முடிச்சு ஓய்வு பெற்றவரை, திரும்பவும் கூப்பிட்டு உட்கார வைக்கிறாங்களே, அங்கதான்! 2024 அக்டோபர்ல ரயில்வே வாரியம் என்ன செஞ்சது? ஓய்வு பெற்றவர்களை 65 வயது வரை மறுபடி வேலைக்கு வெச்சுக்கலாம்னு அனுமதி கொடுத்தது. கடைசிச் சம்பளத்துல அடிப்படை பென்ஷனைக் கழிச்சுத்தான் கொடுப்பாங்க. அதனால இரட்டை வருமானம்னு கத்துறதுல அர்த்தமில்ல. அரசுக்கு ஆள் மலிவாக் கிடைக்குது, அதுதான் விஷயம். நம்ம ஸ்டேஷன்ல பொதிகை ஏறி சென்னைக்குப் பரீட்சை எழுதப் போற பையனுக்கு அந்த நாற்காலி இல்ல.

தமிழ்நாட்டுல ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59, 2021-ல் 60. அந்தக் காலத்துல காத்திருந்தவங்களுக்கு வயசு மட்டும் ஏறிச்சு. அதையும் தாண்டி வேலை வாங்கினா? 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன் கிடையாது; மாசாமாசம் 10 சதவீதம் பிடித்தம். பென்ஷனோட போனவர் திரும்பி வர்றார், அந்த பென்ஷன் இல்லாதவர் வாசல்ல நிக்கிறார்!

நீங்க ஒண்ணு செய்யணும். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி மனு போடுங்க. "உங்க அலுவலகத்துல அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, ஓய்வு பெற்றவங்க எத்தனை பேர், எந்தத் தேதி வரைக்கும்?" 30 நாள்ல பதில் தரணும். வந்த பதிலைப் பெயர், முகவரியை மறைச்சிட்டு இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க.