பள்ளிவாசல் கணக்கைக் கேட்கும் நாம், ஊர்க் கணக்கைக் கேட்கிறோமா?

(திண்டுக்கல் பேகம்பூரில் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஜமாஅத்களில் ஆண்டுக் கணக்கு வாசிக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். ரமளான் கஞ்சிக்கு அரிசி எத்தனை மூடை வாங்கினீர்கள், மூடை என்ன விலை, தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டிய ரசீது எங்கே என்று நாலு பேர் எழுந்து கேட்பார்கள். முத்தவல்லி பதில் சொல்லியே ஆக வேண்டும். ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக நிர்வாகமே மாறிய மஹல்லாக்கள் உண்டு. இது நல்ல பழக்கம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே நாலு பேர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக் கவுன்டரில் வரியைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது, யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் நகராட்சி நேற்று முளைத்ததல்ல. 1866 நவம்பர் 1-இல் அமைக்கப்பட்டது. ஊரைச் சுத்தமாக வைத்திருக்க மட்டும் வெள்ளைக்காரன் அதைத் தொடங்கவில்லை. ஊர்க் காவலர்களின் சம்பளச் சுமையை ஊர்க்காரர்கள் தலையிலேயே ஏற்றுவதும் அன்றைய சட்டத்தின் நோக்கம். வரி போடும் அதிகாரம் முதலில் வந்தது. வரி கொடுப்பவன் கேள்வி கேட்கும் அதிகாரம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று சொல்லிற்று.

நடந்ததா? 2014-இல் திண்டுக்கல் மாநகராட்சியாக உயர்ந்தது. 48 வார்டுகள், 2011 கணக்கெடுப்பின்படி 2,07,327 மக்கள். 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதே மாதம் நடக்க இருந்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 2022 பிப்ரவரி 19 வரை நகர்ப்புறத் தேர்தலே கிடையாது. இடைப்பட்ட காலத்தில் 2017-18 முதல் 2021-22 வரை ஐந்து பட்ஜெட்கள், நீங்கள் வாக்களித்த ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல், அதிகாரிகளாலேயே போடப்பட்டன. ஐந்து ஆண்டும் நாம் வரி கட்டினோம். யாராவது கடையடைத்தோமா? ஒரு கண்டனக் கூட்டமாவது போட்டோமா? சிந்தித்துப் பாருங்கள்.

2022 மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்று, மறைமுகத் தேர்தலில் திருமதி இளமதி மேயரானார். அடுத்த மாதமே சொத்து வரி உயர்வு வந்தது. திண்டுக்கல் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம், வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். அதாவது அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய் கட்டிய கடைக்காரர் இரண்டாயிரம் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஆண்டுதோறும் 6 சதவீதம் கூட்டும் ஏற்பாடும் பிறகு வந்தது. வாடகைக் கடைக்காரர்கள் 'எனக்கென்ன' என்று இருந்துவிட முடியாது. கட்டட உரிமையாளர் அதை வாடகையில் ஏற்றித்தான் வாங்குவார்.

இந்த உயர்வை நம் கவுன்சிலர்கள் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலையும் உயர்த்திக் காட்டினால்தான் நகரங்களுக்கு மானியம் என்றது. மாநில அரசு அதைக் காரணம் காட்டி ஆணை போட்டது. மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. டெல்லியில் தொடங்கிய உத்தரவு பெரிய கடைவீதியில் வந்து இறங்கிற்று. திட்டு மட்டும் வார்டு கவுன்சிலருக்கு!

மாநகராட்சியின் பெட்டி ஒன்றல்ல, மூன்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொது வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்கு. ஒன்றுக்கு வந்த பணத்தை இன்னொன்றுக்கு இஷ்டம்போல் எடுத்துச் செலவழிக்கக் கூடாது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று ரூபாய்க்குப் பத்துக் காசு வாங்குகிறார்கள். அது மாநகராட்சிக்குச் சொந்தமே இல்லை. நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். (நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நூலக உறுப்பினர்கள்? பணம் மட்டும் தவறாமல் கட்டுகிறோம்.)

வருமானம் சொத்து வரியோடு நிற்பதில்லை. தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம், குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, மார்க்கெட் குத்தகை, பேருந்து நிலையக் குத்தகை எல்லாம் உண்டு. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. மத்திய நிதிக்குழு மானியம் வேறு. ஆனால் அந்த மானியத்துக்கு வேலி இருக்கிறது. 2021-26 காலத்துக்கு நம்மைப் போன்ற பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்கு அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டிப்போடப்பட்டது. அந்தப் பணத்தைச் சாலைக்குக் கேட்டால் கிடைக்காது. சாக்கடைக் கழிவுக்கும் குப்பைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் கேட்டால் 'நிதி இல்லை' என்று அதிகாரி எளிதில் சொல்லித் தப்ப முடியாது. எந்தப் பெட்டியில் பணம் இருக்கிறது என்று தெரிந்து கேட்பவனுடைய மனுவுக்கு இருக்கும் மரியாதை, 'எங்கள் தெருவைக் கவனியுங்கள்' என்று பொதுவாக எழுதிய மனுவுக்கு இருக்காது.

வேலைகள் எப்படி முடிவாகின்றன? பெரும்பாலோர் நினைப்பது, மார்ச் மாதம் மன்றத்தில் பட்ஜெட் வாசிக்கிறார்கள், அன்றைக்கு முடிவாகிறது என்று. அன்றைக்கு முடிவாவது மிகக் குறைவு. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது, பழைய கடன் தவணை என்று பெரும்பகுதி முன்பே போய்விடும். மிஞ்சியதற்குப் பொறியியல் பிரிவும் சுகாதாரப் பிரிவும் பல வாரங்களுக்கு முன்பே பட்டியல் தயாரித்து வைத்திருக்கும். எந்தத் தெருவுக்கு உதவிப் பொறியாளர் வந்து நாடா பிடித்து அளந்து மதிப்பீடு போட்டாரோ, அந்தத் தெரு பட்டியலில் இருக்கும். மதிப்பீடு இல்லாத தெரு, கவுன்சிலர் மன்றத்தில் எவ்வளவு சத்தம் போட்டாலும் பட்டியலில் ஏறாது. ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் மனு கொடுப்பது, நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்தபின் தையல்காரரிடம் துணி கொடுப்பது போன்றது. நவம்பர், டிசம்பரிலேயே மனு போக வேண்டும். மனுவோடு புகைப்படம் போக வேண்டும். 'மதிப்பீடு போட்டாயிற்றா' என்று கேட்க ஜனவரியில் ஒருவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

மதிப்பீடு முடிந்தால் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பிறகு டெண்டர். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் வந்துவிட்டது. வேலை நடக்கும்போது அளவெல்லாம் அளவுப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில். மன்றக் கூட்டத்தில் நூறு பொருள்கள் அரை மணி நேரத்தில் 'நிறைவேற்றப்பட்டது' என்று ஓடினால், நூறு தடவை நம் பணம் கைமாறுகிறது என்று பொருள். அப்போது நம் வார்டு உறுப்பினர் வாய் திறந்தாரா என்று நாம் பார்த்திருக்கிறோமா?

2022-இல் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதி வாக்காளர் அனைவரும் பகுதி சபையில் உட்கார்ந்து தேவையைச் சொல்லலாம். கிராமசபைக்கு நிகரானது. 2022 நவம்பர் 1-இல் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே வந்து கலந்துகொண்டார். இங்கே கூடியிருக்கும் இளைஞர்களில் பகுதி சபைக்குப் போனவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கைகள் எழும்? பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி என்ற நகரத்தில் 1989-இலிருந்து மக்கள் பகுதி பகுதியாகக் கூடி, எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள். குடிசைப் பகுதிகளுக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் போய்ச் சேர்ந்தன. பக்கத்துக் கேரளத்தில் 1996-இல் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்தார்கள். அங்கே மக்கள் உட்கார்ந்தார்கள், கேட்டார்கள். சபை என்று ஒன்று சட்டத்தில் இருந்து, நாற்காலி காலியாக இருந்தால், அதிகாரி எழுதிக் கொண்டுவந்ததே மக்களின் விருப்பம் என்று பதிவாகும்.

கணக்குக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2024-இல் நம் மாநகராட்சியிலேயே, மக்கள் கட்டிய வரிப்பணத்தில் 4 கோடி ரூபாய்க்கு மேல் வங்கியில் செலுத்தப்படாமல் கையாடப்பட்டது என்ற புகாரில் ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், ஒருவர் கைதானார். குற்றத்தைத் தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை. நம் வேலை வேறு. கட்டிய வரி நம் வரிவிதிப்பு எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு கடைக்காரரும் சரிபார்ப்பது. ரசீதைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பாக்கி நோட்டீஸ் வந்தால் அழுது பயனில்லை. அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. வியாபாரிக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் என்றால் பத்து ரூபாய் கட்டித் தாள் வாங்கும் சட்டம் என்றே நினைக்கிறீர்கள். அதன் 2(ஜெ) பிரிவைப் படியுங்கள். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் குடிமகனுக்கு உரிமை இருக்கிறது. தெருவில் சிமெண்ட் சாலை போட்டால், ஒப்பந்தக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மதிப்பீட்டு நகலையும் அளவுப் புத்தக நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. பதில் வந்ததும் நாடாவை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'முஸ்லிம் பகுதி என்பதால் புறக்கணிக்கிறார்கள்' என்று மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். புறக்கணிப்பு இருக்கும் இடத்தில் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கையில் கணக்கு இல்லாமல் சொன்னால் அது வெறும் குமுறல். இந்த ஐந்தாண்டில் எந்த வார்டுக்கு எத்தனை வேலை, எத்தனை லட்சம் என்று வார்டு வாரியாக வாங்கி வைத்துக்கொண்டு பேசினால், மறுக்க ஆள் இருக்காது. சில வேளை நம்மைவிட மோசமாக விடப்பட்ட வார்டு ஏதோ ஒரு தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பு என்றும் அந்தப் பட்டியல் சொல்லக்கூடும். அப்போது அவர்களையும் சேர்த்துக்கொண்டு மனுவில் கையெழுத்து வாங்குங்கள். பேகம்பூர் சாக்கடை பேகம்பூரோடு நிற்பதில்லை. தோல் தொழிலால் நிலத்தடி நீர் கெட்டபோது அது யாருடைய கிணறு என்று மதம் பார்த்தா கெட்டது?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மேடையில் நிற்கும்போது, 'எல்லோருக்கும் ஒரு துண்டுத் துணிதானே கிடைத்தது, உங்கள் ஆடைக்கு எப்படிப் போதிற்று' என்று ஒருவர் எழுந்து கேட்டதை நாம் பயான்களில் பெருமையாகச் சொல்கிறோம். மகன் தன் பங்கைக் கொடுத்தார் என்று விளக்கம் வந்தபிறகே சபை அமைதியடைந்தது. உமரின் பெருமையை எல்லோரும் சொல்கிறார்கள். எழுந்து நின்று கேட்டவரைப் போல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பொதுப்பணம் அமானிதம். அதைச் செலவழிப்பவரிடம் கேட்பது அவரை அவமதிப்பதாகாது.

இனி வேலை. வார்டுக்கு இரண்டு இளைஞர், ஒரு வணிகர் என்று மூவர் பெயர் கொடுங்கள். மூவரும் முதலில் செய்ய வேண்டியது மூன்று: கடந்த மூன்றாண்டு பட்ஜெட் நகலும் வார்டு வாரி வேலைப் பட்டியலும் கேட்டு ஒரு மனு, தங்கள் பகுதி சபை கடைசியாக என்று கூடியது, பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு ஒரு மனு, தெருவில் முதலில் வேண்டியது எது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டியல். பெண்களிடமும் கேளுங்கள், குழாயடியில் நிற்பது அவர்கள்தான், ஆத்தூர் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மனு எழுதத் தெரியாதவர்கள் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. வரும்போது வரி ரசீதையும் எடுத்து வாருங்கள்.