எதிர்மேடையும் எதிர்வீடும்

(தாராவியில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேறு ஒரு பொருளைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். வீட்டு மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு, அதற்கு வேண்டிய சான்றுகள், இவற்றைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. ஆனால் சென்ற மாதம் நம் சாலில் நடந்த ஒரு காரியத்தைப் பார்த்த பிறகு, அதற்கு முன்னால் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தோன்றிற்று.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கலியாணம். எதிர்வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. காரணம் பணமா, குழாயடிச் சண்டையா? இல்லை. தேர்தலில் இவர் ஒரு கொடி பிடித்தார், அவர் வேறு கொடி பிடித்தார். அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு குடும்பங்கள்! கொடியைப் பிடிக்கச் சொன்ன தலைவர்கள் இருவரும் அடுத்த தேர்தலில் ஒரே மேடையில் உட்காரலாம். அப்போது இந்தக் கதவை யார் வந்து திறப்பது?

தோழர்களே, கருத்தை விட்டுவிட்டு எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. நான் எந்த வழியைச் சேர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியார் வழி. அதிலிருந்து ஓர் அங்குலமும் நகரப்போவதில்லை. நகராமல் இருந்துகொண்டே எதிரிலிருப்பவனிடம் நட்பாக இருப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கும் பெரியாரிடமே பாடம் இருக்கிறது.

பெரியாரையும் ராஜாஜியையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்தவர், மற்றவர் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். அந்த நாளில் தொடங்கிய பழக்கம். பெரியாரைக் காங்கிரசுக்கு இழுத்ததில் ராஜாஜிக்குப் பெரிய பங்கு உண்டு. 1925-ஆம் ஆண்டு தொடக்கத்தில் திருச்செங்கோட்டில் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தைத் திறந்து வைத்தவரே பெரியார்தான். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் இல்லை என்றதும் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அன்று பிரிந்த பாதை பிறகு ஒன்று சேரவே இல்லை.

அது சாதாரணப் பிரிவா? 1938-இல் ராஜாஜி முதலமைச்சர். பள்ளிகளில் கட்டாய இந்தியைக் கொண்டுவந்தார். பெரியார் எதிர்த்துப் போரிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். பெரியாருக்கும் தண்டனை கிடைத்து, பெல்லாரிச் சிறையில் வைக்கப்பட்டார். சிறை சென்ற நடராசனும் தாலமுத்துவும் 1939-இல் உயிரிழந்தார்கள். பிறகு 1953-இல் அதே ராஜாஜி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியார் அதை மூலைமுடுக்கெல்லாம் எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் வந்து அந்தத் திட்டத்தை எடுத்தெறிந்தார்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். 1965-இல் காற்று திசை மாறிவிட்டது. ராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். பெரியாரோ அந்த ஆண்டு நடந்த கிளர்ச்சியைக் கண்டித்தார். 1967 தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.கழகத்தோடு கூட்டு. பெரியார் காமராசர் பக்கம். ஆக, இருவரும் இடம் மாறினாலும் எதிர் எதிர்ப் பக்கத்திலேயே நின்றார்கள்!

ஆனால் 1972 டிசம்பர் 25-ஆம் நாள் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார், சக்கர நாற்காலியில் அல்லாமல் நகர முடியாதவர், சுடுகாட்டுக்கே போனார். அங்கே கண்ணீர் விட்டு அழுதார். மறு ஆண்டு டிசம்பர் 24-இல் அவரும் மறைந்தார். முன்னவர் போய் ஓர் ஆண்டு நிறைவதற்கு ஒரு நாள் குறைவு.

இந்த அழுகையைப் பற்றி நம் மேடைகளில் எல்லோரும் பேசுகிறோம், கை தட்டுகிறோம். நான் அதற்கும் மேலான ஒன்றைச் சொல்லப் போகிறேன். அது ஒரு கடிதம்.

1949-இல் பெரியார் தம் இயக்கத்தின் எதிர்காலத்தைப் பற்றியும், மணியம்மையாரைத் திருமணம் செய்துகொள்ளும் எண்ணத்தைப் பற்றியும் யோசனை கேட்க, திருவண்ணாமலைக்கு வந்திருந்த ராஜாஜியைச் சந்தித்தார். அப்போது ராஜாஜி நாட்டின் கவர்னர் ஜெனரல். பெரியாரைச் சுற்றி அத்தனை தொண்டர்கள் இருந்தும், தம் சொந்த விஷயத்தை அவர் எதிரணி நண்பரிடம் கேட்டார். ஊரெல்லாம் புரளி கிளம்பிற்று. இந்தத் திருமணமே ராஜாஜி சொல்லிக் கொடுத்தது, இயக்கத்தைக் கெடுக்கும் சூழ்ச்சி என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அண்ணாவும் மற்றவர்களும் பிரிந்து போய் தி.மு.கழகம் கண்டார்கள்.

உண்மை என்ன? வயதைக் காட்டி, இந்தத் திருமணம் வேண்டாம் என்ற கருத்தில்தான் ராஜாஜி அந்தரங்கமாகக் கடிதம் எழுதியிருந்தார். அதை வெளியிட்டிருந்தால் ராஜாஜிமேல் விழுந்த பழி அன்றைக்கே தீர்ந்திருக்கும். ராஜாஜி வாய் திறக்கவில்லை. சூழ்ச்சிக்கு இரையானார் என்ற பேச்சிலிருந்து பெரியாரும் தப்பியிருக்கலாம். அவரும் வாய் திறக்கவில்லை. அந்தரங்கம் என்று வந்தது அந்தரங்கமாகவே இருந்தது. இருவரும் மறைந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. குலக்கல்விப் போராட்டம் நடந்த நாளில் மேடையில் அவ்வளவு காரமாகப் பேசிய பெரியாரின் பெட்டியில் அந்தக் கடிதம் இருந்தது! ஒரு நாளும் அது ஒலிபெருக்கிக்கு முன்னால் வரவில்லை.

தோழர்களே, இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? பெரியார் தொண்டன் என்று சொல்லிக்கொள்ளும் நான், இந்த ஒரு பாடத்தில் தோற்றுப்போனவன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

எனக்கு ஒரு நண்பர் உண்டு. பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தம்பி என்பார். கோயில் கமிட்டியில் இருக்கிறார். நான் கோயிலுக்குள் போகாதவன். அவர் கொடியும் என் கொடியும் ஒரே தெருவில் பறந்தால் போலீஸ் வரும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்து, ஒரே பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துச் சண்டை போடுவோம். ஒரு முறை அவர் சீட்டில் பணத்தை இழந்து, மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். மனசு கனத்து என்னிடம் மட்டும் சொன்னார்.

2009 ஏப்ரல் மாதம், தேர்தல் நேரம். கூட்டம் நிறைய. எனக்கு முப்பது வயது. கைதட்டலுக்கு ஆசைப்படுகிற வயது. எதிரணிக்காக அவர் வேலை செய்தார். மேடையில் நான் சொன்னேன்: "பெண்டாட்டி சங்கிலியைச் சேட்டுக் கடையிலிருந்து மீட்க முடியாதவர், உங்கள் வீட்டைக் காப்பாற்ற வருகிறாராம்!" பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கூட்டம் சிரித்தது. அந்த நேரத்தில் மதினி, அதாவது அவர் மனைவி, எதிர்ச்சந்தில் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் கேட்டு அப்படியே நின்றார். குடத்தை இறக்கி வைக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அண்ணாச்சி வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு நின்றது. இரண்டு ஆண்டுகள் அந்தப் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்து முழுப் பேப்பரையும் படித்தேன். படித்ததில் ஒன்றும் ஏறவில்லை.

2011 ஜூலை, நல்ல மழை. இரவு இரண்டு மணிக்கு என் தகப்பனார் இறந்துவிட்டார். நமக்கு ஊர் ஆயிரம் மைல். சொந்தம் ரயில் ஏறி வருவதற்குள் ஒன்றரை நாள் ஆகும். என் கட்சித் தோழர்களைக் குறை சொல்லவில்லை. பாதிப் பேர் இரவு வேலையில் இருந்தார்கள், மீதிப் பேர் மழையில் சிக்கினார்கள். கதவைத் தட்டியது யார்? அண்ணாச்சி. முழங்கால் தண்ணீரில் நின்றார். டாக்டரைக் கூட்டி வந்தார், சர்ட்டிபிகேட் வாங்கினார், மூங்கில் கொண்டுவந்தார். மதினி எங்கள் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் தன் வீட்டிலிருந்து எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார். சடங்கு எதுவும் வேண்டாம் என்பது என் தகப்பனார் சொல்லிவிட்டுப் போனது. கோயில் கமிட்டிக்காரரான அவர் அதை எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. முன்பக்கம் வலது தோள் அவருடையது.

பதினாறு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, நீ மேடையில பேசினது போகட்டும். எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ரெண்டு வருஷமாடே?" என்றார். மதினியிடம் போகச் சொன்னார். போனேன். அதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன். அது அந்தரங்கம்.

இன்று இதைப் பேசுவதற்கு இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன். கைதட்டலுக்காகச் சொன்னதைத் திருத்தவும் கைதட்டல் உள்ள இடம்தான் சரி என்று மதினியே சொன்னார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்லா எதிர்ப்பும் கருத்து வேறுபாடு அல்ல. வரி எவ்வளவு, எந்தக் கூட்டணி, கடவுள் உண்டா இல்லையா, இவை கருத்துகள். நீ இந்தத் தெருவில் நடக்காதே, உன் கையால் தண்ணீர் வாங்க மாட்டேன், உன் மொழிக்காரன் இந்த ஊரைவிட்டு ஓடு என்பவை கருத்துகள் அல்ல. 1960-களின் பிற்பகுதியில் இந்தப் பம்பாயில் தென்னாட்டுக்காரன் கடையைக் கண்டு கல்லெறிந்தார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மதத்தின் பேரால் வெட்டிக்கொண்டார்கள், தாராவி அதற்குத் தப்பவில்லை. மனிதனை மனிதனாக மதிக்க மறுப்பவனோடு டீ குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அங்கே எதிர்த்து நிற்பதுதான் கடமை. ஆனால் ஓட்டு வேறு பெட்டியில் விழுந்ததற்காக, எதிர்வீட்டுக்காரனை அந்தக் கணக்கில் எழுதாதீர்கள்.

நான் ரயில்வேக்காரன். எங்கள் அலுவலகத்தில் இரண்டு சங்கம். தேர்தல் வந்தால் ஒருவரை ஒருவர் கிழித்துப் போடுவோம். ஆனால் கவுண்டரில் கணக்கு இடித்தால், எதிர்ச்சங்கத்துக்காரன்தான் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் எண்ணிக் கொடுப்பான். நமது அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர் இடைவெளி. நெருங்கினாலும் ஆபத்து, விலகினாலும் ஆபத்து. பிடித்து வைத்திருப்பது அடியிலே கிடக்கும் சிலீப்பர் கட்டை. அதை யாரும் பார்ப்பதில்லை. சாவு, கலியாணம், குழாய்த் தண்ணீர், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம், இவைதான் நம் சாலில் அந்தக் கட்டை.

இப்போது கணக்கெடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறார்கள். உன்னிடம் பழைய கரண்ட் பில் இல்லாவிட்டால், நீ அன்றைக்கும் இங்கேதான் இருந்தாய் என்று யாருக்குத் தெரியும்? உன் கட்சித் தலைவருக்கா? எதிர்வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். அவன் வீட்டுக் கதவை நீ சாத்திவிட்டால், இரண்டு பேரும் தனித்தனியாக வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள். நண்பன் நம்பிச் சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் மேடையில் ஏற்றாதீர்கள். எதிர்ப்பதை முகத்துக்கு நேரே எதிர்த்துச் சொல்லுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் கொடியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நம் சாலில் அந்தக் கலியாணம். எதிர்வீட்டுக்காரர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை, நீங்களும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் வருவார் என்று நம்புகிறேன்.

அண்ணாச்சி உள்ளே வரவில்லை. நம் மேடையின் கீழே உட்கார மாட்டேன் என்பது அவர் கொள்கை. வெளியே டீக்கடையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் இறங்கிப் போனதும், பேச்சில் எங்கெங்கே தப்பு என்று அரை மணி நேரம் சொல்வார். முழுதும் கேட்பேன். ஒன்றையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.